எந்தக் கைவேலையைத் தொழிலாக்குவது: என் நோட்டில் இருக்கும் கணக்கு

பன்னிரண்டு ஆண்டுகள் பிறருடைய பட்டறையில் வேலை பார்த்துவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்க முடிவெடுத்தபோது என் கைவசம் மூன்று வேலைகள் இருந்தன. மோட்டாருக்குக் காயில், அதாவது செம்புக் கம்பிச் சுருள், கட்டுவேன், வெல்டிங் செய்வேன், கட்டடங்களுக்கு வயரிங் இழுப்பேன். மூன்றில் எதைத் தொழிலாக வைத்துக்கொள்ளலாம் என்று கேட்ட இடங்களில் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த பதில்தான் கிடைத்தது: எது உனக்கு நன்றாக வருமோ, எது உனக்குப் பிடிக்குமோ அதைச் செய். எனக்கு நன்றாக வந்ததும் பிடித்ததும் வெல்டிங்தான் என்பதால், அதையே தொழிலாக்கிக்கொண்டு கேட், கிரில், படிக்கட்டுக் கைப்பிடி என்று இறங்கினேன். எட்டு மாதங்களில் விட்டுவிட்டேன். வேலை கிடைக்காமல் விடவில்லை. தலைக்கு மேல் வேலை இருந்தது. கையில்தான் ஒன்றும் நிற்கவில்லை.

விடுவதற்கு ஆறு வாரங்களுக்கு முன்புதான், இவ்வளவு உழைத்தும் பணம் எங்கே போகிறது என்று பார்ப்பதற்காக ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொரு நாளும் எந்த நேரத்தில் என்ன செய்தேன் என்று எழுதத் தொடங்கினேன். ஆறு வாரம், வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் என்று மொத்தம் 360 மணி நேரம். அதில் யாராவது ஒருவர் கூலி கொடுத்த நேரம், அதாவது இரும்பை வெட்டியும் பற்றவைத்தும் பொருத்தியும் கழிந்த நேரம், 162 மணி மட்டுமே. நூற்றுக்கு 45. மிச்சமெல்லாம் அளவெடுக்கப் போனது, மதிப்பீடு எழுதிக் கொடுத்தது, இரும்புக் கடையில் நின்றது, வண்டிக்காகக் காத்திருந்தது, பாக்கியைக் கேட்டு நடந்தது. அளவெடுக்கப் போன ஐந்து இடங்களில் இரண்டு வேலையாக மாறினாலே அது நல்ல வாரம். மற்ற மூன்று இடங்களுக்கும் போய்வந்த நேரத்தை வேலை கொடுத்த இரண்டு பேரின் கூலியில்தான் ஏற்றியாக வேண்டும், ஆனால் நான் ஏற்றவில்லை.

ஏற்றாததற்குக் காரணம் என் பழைய சம்பளம். பட்டறையில் எனக்கு மணிக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு இருந்தது, சொந்தத் தொழிலிலும் அதையே கொஞ்சம் உயர்த்திக் கேட்டேன். வேலை இல்லாமல் கை கட்டி நின்ற நேரத்துக்கும் சேர்த்துத்தான் முதலாளி எனக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதும், அந்த வெற்று நேரத்தை இத்தனை ஆண்டுகளாக அவர் சுமந்தார் என்பதும், சுமை என் தோளுக்கு மாறிய பிறகுதான் உறைத்தது. பத்து மணியில் நான்கரை மணிதான் விலைபோகிறது என்றால், அந்த நான்கரை மணியின் கூலி பத்து மணியையும் தாங்க வேண்டும். பழைய மணிக்கூலியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வாங்கினால்தான் பழைய சம்பளமே வரும். வாடகையும் தேய்மானமும் அதற்கு மேல்.

இரும்பு விஷயத்தில் செய்த தவறு இன்னொன்று. ஒரு படிக்கட்டுக் கைப்பிடி வேலைக்குத் தேவையான குழாயை எடையிட்டு மதிப்பீடு போட்டிருந்தேன். எடை போடுவதில் எனக்குச் சந்தேகமே கிடையாது; தகட்டின் தடிமனை மில்லிமீட்டரில் எடுத்து 7.85 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் எடை கிலோவில் வந்துவிடும், குழாய்க்கும் அதே வழியில் கணக்கிடலாம். ஆனால் அந்த வேலைக்கு எனக்குத் தேவைப்பட்ட துண்டுகள் ஒவ்வொன்றும் 2.2 மீட்டர், நான் வாங்கிய குழாயோ 6 மீட்டர் நீளம். ஒரு குழாயில் இரண்டு துண்டுதான் வரும், 1.6 மீட்டர் மிஞ்சும். அதாவது வாங்கிய இரும்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 27 பங்கு பட்டறை மூலையில் போய் நின்றது. கைப்பிடியில் இருந்த இரும்புக்கு நான் காசு வாங்கினேன், மூலையில் நின்ற இரும்புக்கு நானே காசு கொடுத்தேன். போதாததற்கு, பற்றவைத்ததைவிட ஒட்டைத் தேய்த்து மழமழப்பாக்கவும் துருத்தடுப்புப் பூச்சு அடிக்கவும் கூடுதல் நேரம் பிடித்தது. மதிப்பீட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

வேலை முடிந்ததும் அந்த வாடிக்கையாளர் வழக்கம்போல் ஒரு பத்து சதவீதம் குறைத்துக்கொள்ளச் சொன்னார், நானும் முகத்துக்காகக் குறைத்தேன். என் அடக்கம் 100 பங்கு, அதன் மேல் 25 சேர்த்து 125 கேட்டிருந்தேன். இதை நான் அதுவரை 25 சதவீத லாபம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். 125இல் 25 என்பது 20 சதவீதம்தான். அதில் பத்து சதவீதத்தைத் தள்ளினால் 12.5 போய்விடும், அதாவது லாபத்தில் சரிபாதி. கேட்டவர் பத்தில் ஒரு பங்கு கேட்டதாகத்தான் நினைத்திருப்பார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, கணக்குத் தெரியாமல் தலையாட்டியது நான்.

வயரிங்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கருவிச் செலவு குறைவு, வேலைக்கும் பஞ்சமில்லை. ஆனால் கட்டடம் எழுப்புபவரின் வேகத்தில்தான் நம் வேலை ஓடும். பூச்சு வேலை நின்றால் நாமும் நிற்போம், கடைசித் தவணை வரும்போது கட்டடக்காரரின் கையிலும் பணம் தீர்ந்திருக்கும். பல நாடுகளில் உரிமம் இல்லாமல் நிலையான மின் இணைப்பு வேலையைத் தனியாக எடுத்துச் செய்யவும் முடியாது. உரிமமும் பொறுமையும் உள்ளவருக்கு அது நல்ல தொழில்தான். எனக்கு இரண்டாவது இல்லை.

மோட்டாருக்குக் காயில் கட்டும் வைண்டிங் வேலையை நான் முதலில் ஒதுக்கியதற்குக் காரணம் அது அலுப்பான வேலை என்பதுதான். ஒரே அச்சில் ஒரே எண்ணிக்கையில் கம்பியைச் சுற்றி, மோட்டாரின் இரும்பில் உள்ள பள்ளங்களான ஸ்லாட்டில் காகிதம் போட்டு, கம்பியை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கி, ஆப்பு அடித்து, நூல் கட்டி, வார்னிஷ் ஊற்றிச் சூட்டில் காயவைக்கும் வேலை. பட்டறையில் அதைச் செய்த நாட்களில் எப்போது வெல்டிங் வேலை வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். இருந்தாலும் வெல்டிங்கை விட்டபின் கைச்செலவுக்காக எரிந்த மோட்டார்களைக் காயில் கட்டித்தர எடுக்கத் தொடங்கியபோது, பழக்கத்தை விடாமல் நோட்டையும் எழுதினேன். அதே ஆறு வாரம், அதே 360 மணி. விலைபோன நேரம் 234 மணி, நூற்றுக்கு 65. எரிந்த மோட்டார் தானாகப் பட்டறைக்கு வந்து சேர்கிறது. அளவெடுக்கப் போக வேண்டாம். வருகிற வாடிக்கையாளர் ஐந்து இடத்தில் விலை கேட்டுவிட்டு வருபவரும் அல்லர். அவருடைய பம்பு நின்றிருக்கிறது, மாவரைக்கும் இயந்திரம் நின்றிருக்கிறது, எப்போது கிடைக்கும் என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. கேட் செய்துகொண்டவர் மறுபடி வருவதற்கு இருபது ஆண்டுகள் ஆகலாம். நான்கு மோட்டார் வைத்திருப்பவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது வருவார், ஒன்றுமில்லாவிட்டால் பேரிங் மாற்றவாவது வருவார்.

இதையெல்லாம் விட, நான் விற்பது கம்பி சுற்றும் வேலையை அல்ல என்பதை இந்தத் தொழிலில்தான் கண்டுகொண்டேன். மும்முனை மோட்டார் ஒன்று எரிந்து வருகிறது என்று வையுங்கள். மூடியைக் கழற்றி ஸ்டேட்டரை, அதாவது சுருள்கள் இருக்கும் சுழலாத பகுதியை, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், எப்படி எரிந்தது என்பதை அது தன் நிறத்திலேயே சொல்லும். ஸ்டார் இணைப்பில் (மூன்று முனைச் சுருள்களின் ஒரு நுனியை ஒரே புள்ளியில் சேர்க்கும் முறை) இருந்த மோட்டாராக இருந்து, இரண்டு முனைகளின் சுருள்கள் கரியாகி மூன்றாவது முனையின் சுருள்கள் மட்டும் புதிது போல வெளிர் நிறத்தில் இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு முனை மின்சாரம் அறுந்திருக்கிறது என்று பொருள். மிச்சமிருந்த இரண்டு முனைகளே முழுச் சுமையையும் இழுக்கப் பார்த்துக் கருகியிருக்கின்றன. டெல்டா இணைப்பென்றால் (சுருள்களை முக்கோணமாகக் கோக்கும் முறை) இது தலைகீழ், ஒரு முனையின் சுருள்கள் மட்டும் கருகி மற்ற இரண்டும் பிழைத்திருக்கும். மூன்றும் ஒரே சீராகப் பழுத்திருந்தால் சுமை அதிகம், அல்லது மின்னழுத்தம் குறைவு, அல்லது காற்று போகும் வழி அடைத்திருக்கிறது. ஒரே ஒரு காயில் மட்டும் வெந்திருந்தால் அதற்குள்ளேயே சுற்றுக்குச் சுற்று ஒட்டியிருக்கிறது.

இதைப் பார்க்காமல் கம்பியைப் பிடுங்கிவிட்டுப் புதுக் காயில் கட்டிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு என் முதல் மூன்று மாதமே சாட்சி. திரும்பி வந்த மோட்டார்கள் ஏழு. அவற்றில் ஆறின் நோய் மோட்டாரில் இல்லை. மோட்டாரை ஓடவிடும் சுவிட்சுப் பெட்டியான ஸ்டார்ட்டரில் ஒரு முனைப்புள்ளி தேய்ந்துபோயிருந்தது, ஒரு பியூஸ் தளர்ந்திருந்தது, பம்புக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரம் சிக்கியிருந்தது. ஆனால் மறுபடி எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருபவரிடம் உங்கள் ஸ்டார்ட்டர்தான் காரணம் என்று சொன்னால், பழியைத் தள்ளிவிடுகிறான் என்றுதான் நினைப்பார். ஏழில் ஐந்தைக் காசு வாங்காமல் கட்டிக் கொடுத்தேன். அதன்பிறகு ஒரு வழக்கம் வைத்தேன்: கம்பியில் கை வைப்பதற்கு முன் எரிந்த ஸ்டேட்டரை வாடிக்கையாளருக்குக் காட்டுவேன், நேரில் வராதவருக்குப் படம் எடுத்து அனுப்புவேன், காரணத்தை இரண்டு வரியில் எழுதிக் கையில் கொடுப்பேன். அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு அவர் தன் ஸ்டார்ட்டரைச் சரிசெய்கிறார். என் காயில் நிற்கிறது. அடுத்த முறை மோட்டார் சூடாகும்போதே, எரிவதற்கு முன்பே கூப்பிடுகிறார்.

ஆகவே, கைவேலை தெரிந்த நண்பர்கள் எதைத் தொழிலாக்கலாம் என்று என்னிடம் கேட்கும்போது, உன் வேலையில் செய்வதற்கு முன் பார்த்துச் சொல்வது என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்கிறேன். அப்படி ஒன்று இல்லாத வேலையில் கூலிப் போட்டிதான் மிஞ்சும் என்பது என் அனுபவம். கம்பி சுற்றுவதை மட்டும் விற்றால் என்னைவிடக் குறைவாகக் கேட்பவர் நிச்சயம் இருப்பார். எப்படிக் குறைக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். 20 கேஜ் கம்பி இருந்த இடத்தில் 21 கேஜ் போட்டால் கம்பியின் விட்டம் 0.914 மில்லிமீட்டரிலிருந்து 0.813க்கு இறங்கும், ஸ்லாட்டில் இறக்குவது சுலபம், செம்பும் மிச்சம். ஆனால் குறுக்குப் பரப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்து மின்தடை நூற்றுக்கு 26 கூடிவிடும், அவ்வளவும் சூடாகத்தான் வெளியேறும். சுருளின் சூடு 10 டிகிரி கூடினால் அதன் மின்காப்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இத்துறையில் பழைய கணக்கு. பழைய கம்பியை எடுக்கத் திறந்த நெருப்பில் போட்டு எரிப்பதும் அப்படித்தான். இரும்புத் தகடுகளுக்கு இடையில் உள்ள மெல்லிய காப்புப் பூச்சு கெட்டுப்போய், சுமையே இல்லாமல் ஓடும்போதும் மோட்டார் சூடாகும். ஸ்டேட்டரை 370 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகவிடாமல் அடுப்பில் வைத்து எடுக்க வேண்டும், அதற்கு நேரம் ஆகும். வாடிக்கையாளரின் கண்ணுக்கு இதில் ஒன்றும் தெரியாது. இரண்டு மோட்டாரும் அதே சிவப்பு வார்னிஷில் மினுங்கும்.

இன்னொரு கேள்வி, அந்தப் பொருளைப் பழுது பார்ப்பதைவிடப் புதிது வாங்குவது மலிவாகும் நாள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது. மோட்டாரிலேயே இது உண்டு. கால் குதிரைத்திறன் மோட்டாருக்கும் ஐந்து குதிரைத்திறன் மோட்டாருக்கும் கம்பியின் எடையில் பெரிய வித்தியாசம் இருக்கலாம், ஆனால் இறக்க வேண்டிய ஸ்லாட்டுகளின் எண்ணிக்கையில் அந்த அளவு வித்தியாசம் இல்லை. கைநேரம் பொருளோடு சேர்ந்து சுருங்காது. எனவே மிகச் சிறிய மோட்டார்களை நான் எடுப்பதில்லை, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறேன். தையல் தெரிந்த ஒருவர் புது உடை தைப்பதை மட்டும் நம்பினால் ஆயத்த ஆடையோடு மோத வேண்டியிருக்கும். ஆனால் ஆயத்த ஆடை விற்க விற்க, அதை உடம்புக்குத் தக்கபடி பிடித்துக் கொடுக்கும் வேலை கூடத்தான் செய்யும். தச்சரும் அப்படியே, அலமாரிகள் தொழிற்சாலையிலிருந்து பெட்டியில் வருகின்றன, அவற்றைக் கோணல் சுவரில் நேராக நிறுத்தவும் தொங்கிப்போன கதவின் கீலை மாற்றவும் ஆள் வேண்டும்.

குளிரூட்டி வேலை தெரிந்தவர்களுக்கு இது வேறு வடிவில் வரும். ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் ஏற்பட்ட மாண்ட்ரியல் உடன்படிக்கையும், புவி வெப்பமாவதைக் குறைக்க 2016இல் கிகாலியில் அதற்குச் செய்யப்பட்ட திருத்தமும் எந்த வாயுவைப் பயன்படுத்தலாம் என்பதையே மாற்றிக்கொண்டு வருகின்றன. பழைய வாயுவான ஆர்-22 போய்க்கொண்டிருக்கிறது, அதன் இடத்தில் வரும் ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடியது, ஆர்-290 என்பது புரொப்பேன், நன்றாகவே எரியும். பழைய பழக்கத்தில் பற்றவைப்பு விளக்கைக் கொளுத்திக்கொண்டு இணைப்பைப் பிரிக்க முடியாது. இப்படி விதி மாறுகிற தொழில் பயமுறுத்தும்தான், ஆனாலும் நான் அதை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்வேன். புதிதாகப் படித்துக்கொள்ளச் சோம்பல்படுகிறவர்கள் தாமாக விலகிவிடுவார்கள்.

கருவி வாங்குவதில் அவசரப்படக் கூடாது என்பதை எனக்கு ஒரு வெல்டிங் இயந்திரம் கற்றுக்கொடுத்தது. கைக்கு அடக்கமான இன்வெர்ட்டர் இயந்திரம், 200 ஆம்பியர் என்று மேலே பெரிதாக எழுதியிருந்தது; பின்பக்கத் தகட்டில் டியூட்டி சைக்கிள் 20 சதவீதம் என்று பொடி எழுத்தில் இருந்ததை நான் படிக்கவில்லை. பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் பற்றவைத்தால் எட்டு நிமிடம் அது ஓய்வெடுக்க வேண்டும் என்று அதற்குப் பொருள். ஆம்பியரைக் குறைத்தால் ஓய்வும் குறையும் என்றாலும், நாள் முழுக்க ஓட வேண்டிய பட்டறைக்கு அது ஆகாது. தொழிலைத் தேர்ந்தெடுத்த பிறகு அதன் முதல் மூன்று மாத வேலையைப் பார்த்துவிட்டுக் கருவி வாங்குவதே சரி. அதுவரை வாடகைக்கு எடுக்கலாம், இரவல் வாங்கலாம். அளக்கும் கருவி மட்டும் விதிவிலக்கு. கம்பியின் விட்டத்தை அளக்க மைக்ரோமீட்டரும், காப்பின் தரத்தைப் பார்க்க மெக்கரும் முதல் நாளே நல்லதாக வாங்கினேன். அவற்றின் வாக்கை நம்பித்தான் வாடிக்கையாளருக்கு நான் வாக்குக் கொடுக்கிறேன்.

உடம்பைப் பற்றியும் ஒரு சொல். முப்பது வயதில் தொழிலைத் தேர்ந்தெடுப்பவர் ஐம்பத்தைந்து வயதிலும் அதே தொழிலைச் செய்யும் உடம்பை நினைத்துப் பார்ப்பதில்லை, நானும் பார்க்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் மரத்தூளையும் 2017இல் வெல்டிங் புகையையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. இதற்காகத் தச்சு வேலையையோ வெல்டிங்கையோ விட வேண்டியதில்லை, ஆனால் புகையை இழுக்கும் ஏற்பாடும் தூசி உறிஞ்சியும் தரமான முகக்கவசமும் தொடக்கச் செலவில் சேர வேண்டும். லாபம் வந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் பட்டியலில் அவற்றை வைக்கக் கூடாது. வைண்டிங்கிலும் வார்னிஷ் ஆவி உண்டு, நாள் முழுக்கக் குனிந்திருப்பதால் கழுத்துவலியும் உண்டு. மேசையை நான்கு விரற்கடை உயர்த்திய பிறகு கழுத்து கொஞ்சம் பரவாயில்லை.

வெல்டிங் இயந்திரத்தை விற்றுவிடலாம் என்று இரண்டு முறை நினைத்து விற்காமல் வைத்திருக்கிறேன். பட்டறைக்கு வரும் பழைய மோட்டார்களில் சிலவற்றுக்கு வார்ப்பிரும்புக் கால் உடைந்திருக்கும். அதை மெதுவாகச் சூடாக்கி, நிக்கல் ராடால் சிறு சிறு ஒட்டாக வைத்து, ஒவ்வோர் ஒட்டையும் சூடு ஆறுவதற்குள் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொடுத்து, பிறகு மணலில் புதைத்து ஆறவிட வேண்டும். இதை அவசரமில்லாத சாயங்காலங்களில் செய்கிறேன். இரண்டு நிமிடம் பற்றவைத்துவிட்டு எட்டு நிமிடம் காத்திருப்பது அந்த வேலைக்குச் சரியாக இருக்கிறது.